காயல்பட்டினத்து முத்து வீடும் நான் சொன்ன சிமெண்டும்

இந்தப் பதிவை எழுதாமல் தப்பித்துவிடலாம் என்று மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். "ஊர் ஊராப் போயி அது பிரமாதம் இது பிரமாதம்னு எழுதுனீங்கல்ல, இதையும் எழுதுங்க" என்று என் மனைவி சுந்தரி ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அவள் அப்படித்தான். எழுதிவிடுகிறேன்.

பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். எட்டு வருடம் முன்பு தூத்துக்குடி கடற்கரையோரம் மூன்று நாள் சுற்றிவிட்டு எழுதிய பதிவில், காயல்பட்டினத்தில் இருக்கும் ஒரு பெரிய வீட்டைப் பற்றிச் சொல்லியிருந்தேன். கொழும்போடு முத்தும் சங்கும் வியாபாரம் செய்த குடும்பத்தின் வீடு அது. முன்பாதியில் ஒரு கூடத்தையும் இரண்டு அறைகளையும் அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள். முத்தைப் பருமன் வாரியாகப் பிரிக்கும் பித்தளைச் சல்லடைகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி இருக்கும். மூழ்கிச் சிப்பி எடுப்பவர்கள் காலில் கட்டிக்கொண்டு இறங்கும் கல், நகத்தளவு தட்டு வைத்த தராசு, கப்பலில் வந்த பீங்கான் ஜாடிகள் எல்லாம் உண்டு. கட்டணம் கிடையாது, கூடவே ஏலக்காய் டீ வேறு. உள்பாதி பெண்கள் புழங்கும் இடம், அங்கே வெளி ஆண்கள் போகக்கூடாது. சுந்தரி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நான் கூடத்தோடு சரி.

அந்தப் பதிவின் கடைசியில் 'ஒரு யோசனை' என்று தலைப்புப் போட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். முப்பத்தோரு வருடம் கட்டட வேலையில் சைட் சூப்பர்வைசராக இருந்தவன் நான். எந்தச் சுவரைக் கண்டாலும் விரலை மடக்கித் தட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. அந்தக் கூடத்துச் சுவர் முழங்கால் உயரத்துக்குப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. "பழைய சுண்ணாம்பைக் கல் தெரியும்வரை கொத்தி எடுத்துவிட்டு, ஒன்றுக்கு நாலு சிமெண்ட் கலவையில் நீர்க்காப்புப் பொடி சேர்த்துப் பூசினால் இன்னும் நூறு வருடம் நிற்கும்" என்று எழுதினேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

இந்த ஜனவரி முதல் வாரம் மீரான் காக்கா ஃபோன் செய்தார். அந்த வீட்டின் மாப்பிள்ளை அவர், வயது அறுபது தாண்டிவிட்டது. ஊரே 'காக்கா', அதாவது அண்ணன், என்று கூப்பிடுவதால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். "சார், வீட்ட இறக்கப் போறோம். பொருளெல்லாம் கட்டுறதுக்கு முன்னால ஒருக்க வந்து பாத்துட்டுப் போங்க. உங்களுக்குச் சொல்லாம இறக்கினா நல்லாருக்காது" என்றார். மறுநாளே கிளம்பிவிட்டோம்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை 5.40க்குப் பஸ். ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய். 8.50க்குத் தூத்துக்குடி புதிய பேருந்து நிலையம். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துப் பழைய பேருந்து நிலையம் போய், இட்லி சாப்பிட்டு, போகிற வீட்டுக்கு அரைக் கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டோம். துக்க வீட்டுக்கு இனிப்பா என்று சுந்தரி கேட்டாள். வீடுதானே இடிக்கிறார்கள் என்றேன். அப்போது எனக்கு அவ்வளவுதான் புரிந்திருந்தது.

9.35க்குத் திருச்செந்தூர் பஸ், காயல்பட்டினத்துக்கு முப்பத்தெட்டு ரூபாய், தூரம் முப்பத்து மூன்று கிலோமீட்டர். துறைமுகச் சாலை லாரிகளைத் தாண்டுவதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. இரண்டு பக்கமும் உப்பளம். வலது பக்கம் உட்கார்ந்தால் வெயில் குறைவு. முக்காணியில் தாமிரபரணிப் பாலம் ஏறும்போது ஆற்றில் தண்ணீர் நிறையவே இருந்தது. ஆத்தூரில் பஸ் நின்ற இரண்டு நிமிடத்தில் சுந்தரி ஜன்னல் வழியாகவே ஒரு கவுளி வெற்றிலை வாங்கிவிட்டாள். 10.40க்கு காயல்பட்டினத்தில் இறங்கினோம்.

ஆட்டோக்காரரிடம் முத்து வியாபாரி வீட்டு மியூசியம் என்றேன்.

"சிமெண்டு பூசுன வீடா? அது விழுந்துட்டுல்லா அண்ணாச்சி."

"விழுந்துட்டா?"

"முன்பக்கத்து மாடி. அந்தப் பெருமழை வந்துச்சுல்லா, ஊரே முங்குனப்போ. அப்பம் விழல. மழையெல்லாம் வடிஞ்சி, வெயிலெல்லாம் அடிச்சி, ஒரு வருசம் கழிச்சி ஒருநா காலையில சும்மா விழுந்துச்சு. ஆளு யாரும் இல்ல, அதுமட்டும் நல்லது" என்றார். அறுபது ரூபாய் வாங்கினார். சிமெண்ட் பூசின வீடு என்றா அதற்குப் பெயர்?

தெருவில் இறங்கியதும் பார்த்தேன். முன்மாடி பாதி இல்லை. தேக்கு உத்தரங்கள் இரண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் நுனி மக்கி, கையால் பிய்க்கிற மாதிரி இருந்தது. கீழ்ச்சுவரில் சிமெண்ட் பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து நின்றது. ஒரு இடத்தில் விரலை வைத்தேன். பூச்சு கெட்டியாக இருந்தது, நல்ல கலவை, நன்றாகத் தண்ணீர் விட்டு ஆற்றியிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் இருந்த கடற்கல்லைத் தொட்டேன். கோதுமை மாவு மாதிரி உதிர்ந்து உள்ளங்கையில் நின்றது.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி இருக்கப் பார்த்தேன், அவ்வளவுதான்.

மீரான் காக்கா வெளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கூடத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். சல்லடைகளையும் தராசையும் துணியில் சுற்றி வைத்துவிட்டார்கள். நிலைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சட்டம் மட்டும் இன்னும் தொங்கியது. அதில் என் பதிவு. அச்செடுத்து, கண்ணாடி போட்டு, 'ஒரு யோசனை' என்ற பத்தியின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள்.

"நீங்க எழுதினத அப்படியே செஞ்சோம் சார். ஒன்னுக்கு நாலு. அந்தப் பொடியும் சேத்தோம். மச்சான் ஹாங்காங்லேருந்து அனுப்பி வச்சாரு. கொத்தனார் ஒன்னுக்கு அஞ்சு போதும்னான். சாரு நாலுன்னு எழுதியிருக்காருல்ல, நாலே போடுன்னுட்டேன்" என்றார் காக்கா. அந்த மனிதர் முகத்தில் ஒரு துளி குற்றச்சாட்டு கிடையாது. திட்டியிருந்தால் தேவலை.

இங்கே ஊர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். மீரான் காக்கா அப்படி வந்தவர்தான். வீடு அவர் மனைவி ஜைனம்பு லாத்தாவுடையது (லாத்தா என்றால் அக்கா), அவருடைய அம்மா வழியில் வந்தது. அடுத்தது ஒரே மகள் ஹாஜராவுக்கு. ஹாஜராவுக்கு இந்த வருடம் நிக்காஹ். மாடி விழுந்த வீட்டில் புது மாப்பிள்ளையை எப்படிக் கொண்டுவந்து வைப்பது? அதனால் மொத்தமாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். பன்னிரண்டாம் தேதி மண் அள்ளும் இயந்திரம் வருகிறது. நாங்கள் போனது ஏழாம் தேதி.

சுந்தரி உள்ளே போயிருந்தாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து என் காதில், "உள்ள ஒன்னுமே ஆகலங்க. சுவர் கண்ணாடி மாதிரி இருக்கு" என்றாள். காக்காவுக்கும் கேட்டுவிட்டது.

"உள்ள வாங்க சார், பாப்போம்."

"நானா? வேண்டாம் காக்கா, லாத்தா இருப்பாங்க."

"இனி என்ன மறைப்பு? இடிக்கப் போற வீடு" என்றார்.

பழைய பதிவில் இந்த வீட்டின் உள்பாதியைப் பார்க்க முடியவில்லையே என்று அங்கலாய்த்திருந்தேன். இப்படிப் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருந்திருக்கலாம். மூன்று படி இறங்கினால் ஒரு முற்றம், அதைச் சுற்றி ஐந்து அறைகள். அதே கடற்கல், அதே வயது, அதே பெருமழையில் இடுப்பளவு தண்ணீர். தட்டிப் பார்த்தேன். கணீரென்றது. உள்ளங்கையை வைத்தேன். காய்ந்து, குளுமையாக இருந்தது. அடியில் கொஞ்சம் பொருக்கு உதிர்ந்திருந்தது, அவ்வளவுதான். பூச்சு முழுக்கச் சுண்ணாம்பு. வருடா வருடம் நோன்புக்கு முன்னால் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி வைத்து, வீட்டுப் பெண்களே முந்தானையைச் செருகிக்கொண்டு வெள்ளையடித்துவிடுவார்களாம். கொத்தனார் யாரும் உள்ளே வந்ததில்லை.

புரிவதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். கடலில் எடுத்த கல், அதில் உப்பு இருக்கும். தரையிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், போகும்போது மேல்தோலைக் கொஞ்சம் உதிர்த்துக்கொண்டு போகும். அந்த உதிர்தலைத்தான் நான் வியாதி என்று எழுதினேன். முன்பாதியில் நான் சொன்ன சிமெண்ட் வழியை அடைத்துவிட்டது. ஈரமும் உப்பும் சுவருக்குள்ளேயே தங்கிக் கல்லை மாவாக்கி, உத்தரத்தின் நுனிவரை போய்விட்டன. அடித்த மழையில் முன்பாதி குடித்த தண்ணீர் வெளியே வரவே இல்லை.

ஜைனம்பு லாத்தா அடுப்படி வாசலில், தலையில் துணியை இழுத்து விட்டுக்கொண்டு நின்றிருந்தார். அதுவரை அவர் குரலைக்கூட நான் கேட்டதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"தப்பு என் மேலதான். அன்னைக்கே உள்ளயும் பூசணும்னு இவ்வோ தலபாடா அடிச்சிக்கிட்டாவோ. நான்தான் விடல. நாப்பத்தஞ்சு நாளு கொத்தன்மாரு உள்ள நின்னா நாங்க எங்கன போவோம், ஹாஜராவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீச்சை வேறன்னு மறிச்சிட்டேன். பாதி வீடு பூசாம கெடந்ததாலதான் முன்பாதியையும் இழுத்துப் போட்டுட்டு. எங்க உம்மா தந்த வீடு. என் புள்ளைக்கு இல்லாமப் பண்ணிட்டேன்."

மாடி விழுந்த நாளிலிருந்து இந்தப் பெண்மணி இதை நினைத்துக்கொண்டுதான் தூங்கி எழுந்திருக்கிறார். காக்கா தலையாட்டினார். அவரும் அப்படித்தான் நம்புகிறார் என்று தெரிந்தது. சுந்தரி என்னைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருடக் கல்யாணத்தில் அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை.

"இல்ல லாத்தா" என்றேன். "பூசாத பாதிதான் நிக்கிது. பூசுன பாதிதான் விழுந்துருக்கு. நான் எழுதினதுதான் தப்பு. இந்த மாதிரிச் சுவத்துக்கு சிமெண்ட் ஆகாது. எனக்குத் தெரியல. தெரியாமலே தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்."

முற்றத்துக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு லாத்தா முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார்.

"அப்பம், நான் மறிச்சது தப்பில்லையா?"

"இல்ல லாத்தா. நீங்க மறிச்சதாலதான் இது இருக்கு."

"தப்பில்லையா?" என்று இன்னொரு தடவை காக்காவைப் பார்த்துக் கேட்டார். அவர் கீழே குனிந்துகொண்டார். லாத்தா துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். சுந்தரி பின்னாலேயே போனாள்.

இத்தோடு முடிந்திருந்தால்கூட நான் கொஞ்சம் நல்ல மனிதனாக ஊர் திரும்பியிருப்பேன். காக்கா கொஞ்ச நேரம் சுவரையே தடவிக்கொண்டு நின்றார். பிறகு குரலில் புது வேகம் வந்துவிட்டது.

"அப்படின்னா ஒன்னு கேக்கேன் சார். முன்பாதிய மட்டும் இறக்கிட்டு இந்தப் பாதிய வச்சுக்கிட்டா? முன்னால புதுசாக் கட்டிக்கிடலாம்லா. அவ உம்மா வீடு அவளுக்கு இருக்கும். காண்ட்ராக்டர்ட்ட நான் சொல்லுதேன். மாப்ள வீட்லயும் சொல்லுதேன். இந்தப் பாதி நிக்கும், பயமில்லன்னு ஒரு தாள்ல எழுதித் தந்துருங்க, போதும். அவங்களுக்குக் காட்டணும்லா."

நிற்கும் என்றுதான் தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது. ஆனால் முன்பாதியின் உத்தரங்கள் நடுச்சுவரில்தான் வந்து உட்கார்ந்திருந்தன. முன்னால் இடிக்கிற அதிர்ச்சியில் அது என்ன ஆகும்? புது அஸ்திவாரம் தோண்டினால்? அந்த அறையில் ஹாஜராவும் மாப்பிள்ளையும் தூங்கும்போது? நான் வெறும் சூப்பர்வைசர், இன்ஜினியர்கூட இல்லை. திருநெல்வேலியில் பழைய கட்டடங்களைப் பார்க்கிற ஒரு பையனைத் தெரியும். அங்கிருந்தே ஃபோன் போட்டேன். இருபதாம் தேதிக்கு மேல்தான் வர முடியும் என்றான். எட்டு நாள் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். இயந்திரம், ஆட்கள், நிக்காஹ் நாள் எல்லாம் குறித்தாயிற்று என்றார் காக்கா. "உங்க கையெழுத்து இருந்தா நான் எல்லாத்தையும் நிப்பாட்டிருவேன். அது இல்லாம எத வச்சி நிப்பாட்ட?"

அரைமணி நேரம் அந்த நடுச்சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தட்டினேன், காது வைத்துக் கேட்டேன், தலையைச் சொறிந்தேன். கடைசியில், "என்னால எழுதித் தர முடியாது காக்கா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. ஆனால் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அன்னைக்குக் கேக்காமலே எழுதினிய. இன்னைக்குக் கேக்கேன், எழுத மாட்டேங்குதிய."

மத்தியானம் சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டோம். நெய்ச்சோறும், அந்த ஊர் விருந்துகளில் போடும் களறிக் கறியும். அந்த வீட்டில் கடைசி விருந்தாளிகள் நாங்களாகத்தான் இருந்திருப்போம். கிளம்பும்போது காக்கா சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றி, தூசி தட்டி, என் கையில் கொடுத்தார். பெட்டிகளில் இதை வைக்க இடமில்லை என்றார். நிஜமாகவே இடமில்லையா என்று நான் கேட்கவில்லை. 3.15 பஸ்ஸில் மடியில் அதை வைத்துக்கொண்டு தூத்துக்குடி வந்தேன்.

அன்று ராத்திரி பழைய பதிவை அழிக்கப் போனேன். அழிக்கவில்லை. அழித்தால் நான் தப்பித்துவிடுவேன். அந்தப் பத்தியின் மேல், இதை நம்பி ஒரு வீடு போய்விட்டது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அதன் கீழே "அருமையான யோசனை சார், எங்கள் பூர்வீக வீட்டிலும் செய்யப்போகிறோம்" என்று பதினோரு பேர் பின்னூட்டம் போட்டிருந்தார்கள். எல்லாருக்கும் பதில் எழுதினேன். ஒருவர்தான் பதில் போட்டார். போன வருடமே பூசி முடித்துவிட்டாராம்.

போகிறவர்களுக்கு: காயல்பட்டினத்துக்குத் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் பஸ்கள் அடிக்கடி இருக்கின்றன. மாலையில் கடற்கரை நன்றாக இருக்கும். வீடுகளுக்கு நடுவே பெண்கள் நடக்கிற குறுகிய சந்துகள் உண்டு. அதற்குள் ஆண்கள் நுழையாதீர்கள், படம் எடுக்காதீர்கள். முத்து வீட்டைத் தேட வேண்டாம். பொருட்களெல்லாம் லாத்தாவின் தம்பியின் குடோனில் பெட்டிக்குள் இருக்கின்றன, யாருக்கும் காட்டுவதில்லை. உங்களுக்கென்று ஒரு பழைய சுண்ணாம்பு வீடு இருந்தால், அது உதிர்ந்தால், உதிரட்டும். வருடம் ஒருமுறை வெள்ளையடியுங்கள். சிமெண்ட் மூட்டை வாங்கும் முன் அந்தச் சுவரோடு வாழ்கிறவர்களைக் கேளுங்கள். அடுப்படிக்குள் இருப்பவர்களையும் கேளுங்கள். ஊர் சுற்ற வந்தவன் விரலை மடக்கித் தட்டிவிட்டுச் சொல்வதைக் கேட்காதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மீரான் காக்கா கூப்பிட்டார். இடித்து முடித்துவிட்டார்களாம். முன்பாதி ஒரு காலைப்பொழுதில் விழுந்துவிட்டதாம். உள்பாதிக்கு நாலு நாள் ஆனதாம். இயந்திரத்தின் பல் ஒன்று உடைந்து, இரண்டாவது வண்டி வரவழைத்து, டிரைவர் அந்தச் சுவரை வாய்க்கு வந்தபடி திட்டினானாம். லாத்தா எதிர்வீட்டு ஜன்னலில் நாலு நாளும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். ஃபோனை வைக்கப் போகும்போது பின்னாலிருந்து லாத்தாவின் குரல் கேட்டது. காக்கா அதைத் திருப்பிச் சொன்னார்.

"நாலு நாளு நின்னுச்சுன்னு அவர்ட்ட சொல்லுங்கங்குதா."

சொல்லிவிட்டார். நானும் உங்களிடம் சொல்லிவிட்டேன்.